அரைச் சம்பள நாட்களும் அம்மாவின் குடிநீரும்



நிதி சேர்க்கிற சந்தைக்காகப் போன வாரம் எங்கட குழுமத்தில் வந்த யோசனையை எல்லாரும் வாசித்திருப்பீர்கள். மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் வருகிற எரிச்சல், அழுகை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் ஒரு மூலிகைப் பொட்டலம். உள்ளே இப்பெரிக்கோ, அஞ்ஞோகாஸ்தோ, பெருஞ்சீரகம். வெளியே பனை ஓலைப் படம். அதற்குக் கீழே, 'பாட்டியின் மருந்து: காலனியநீக்கம் உடலிலிருந்து தொடங்கட்டும்'. விலை 5 யூரோ. யோசனைக்குக் கீழே இதயங்கள் வரிசையாக விழுந்தன. நான் போடவில்லை. ஏன் என்று அங்கேயே எழுதத் தொடங்கினேன், நீண்டுபோச்சு. அதனால் மடலில் எழுதுகிறேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று சிரிக்கிற ஆள் நான் இல்லை. எனக்கும் மாதத்தில் ஐந்தாறு நாள் ஆக்களைக் கண்டால் கடிக்க வரும். போன வருசம் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தை அப்படியான ஒரு நாளில் முழுதாக அழித்துப்போட்டு, இரத்தம் கண்டதற்கு அடுத்த நாள் உட்கார்ந்து திரும்ப எழுதினேன். என்ர மேசையில் இப்பவும் அஞ்ஞோகாஸ்தோ மாத்திரைப் பெட்டி இருக்கிறது. எனக்குச் சண்டை செடியோடு இல்லை, பொட்டலத்தில் நாங்கள் எழுதப்போகிற வசனத்தோடு.

நாங்கள் இருப்பது வுச்சீரியாவில், பியாத்சா கராச்சோலோவுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி. இறைச்சிக்கடை என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். குத்தூசோ 1974இல் வரைந்த படத்தில் இறைச்சியும் மீனும் பழமும் மனிதரை நெருக்கிக்கொண்டு நிற்கும். இன்றைக்குச் சந்தை என்று மிஞ்சியது கொஞ்சக் கடைகள்தான். இரவானால் குடிக்க வருகிறவர்களின் கூச்சல். பலெர்மோக்காரர் நடக்கவே நடக்காத காரியத்தைச் சொல்ல, 'வுச்சீரியாவின் கல்தரை காயும்போது' என்பார்கள். மீன்காரர் தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்ததால் அது காய்ந்ததே இல்லையாம். இப்போது பல காலைகளில் காய்ந்துதான் கிடக்கிறது. அந்தக் கல்லில் காலை ஆறரைக்கு அம்மா வேலைக்கு நடப்பா. தொண்ணூறு தாண்டின ஒரு சிஞ்ஞோராவைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, திரும்பப் படுக்க வைக்கிற வேலை. இந்த ஊரில் எங்கட அம்மாமார் எத்தனை பேருக்கு இதுதான் வேலை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சின்ன வயதில் எங்கட வீட்டில் மாதத்தில் சில நாட்களுக்கு ஒரு பெயர் இருந்தது: அம்மாவின் 'விசர் நாள்'. அப்பா எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார், 'இண்டைக்குக் கவனம்'. நாங்களும் சிரிப்போம். அந்த நாட்களில் விடிய ஐந்து மணிக்குக் குசினியில் மல்லி, வேர்க்கொம்பு, பெருஞ்சீரகம் கொதிக்கிற மணம் வரும். அம்மா நின்றபடியே குடிப்பா. அந்த மணம் இன்றைக்கும் எனக்கு ஆறுதல்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து மணிக்கு ஏன் கொதித்தது என்று நான் யோசித்தது எவ்வளவோ காலம் கழித்து. ஆறரைக்கு இறங்க வேண்டும், அதனால்தான். 'உது குடிச்சா சுகமாகுமா அம்மா?' என்று ஒருநாள் கேட்டேன். 'சுகமாகிறதோ? வேலைக்குப் போகலாம்' என்றா.

பாட்டியின் மருந்து என்று நாங்கள் படம் போட்டு விற்கப்போவது இதைத்தான்.

இனி அந்தக் காலையின் கணக்கைப் பாருங்கள். இத்தாலியில் வீட்டுவேலைத் தொழிலாளருக்குத் தேசிய கூட்டு ஒப்பந்தம் ஒன்று உண்டு. தங்கி வேலை செய்யும் பராமரிப்பாளருக்கு அது வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலையை அனுமதிக்கிறது. சுகவீன விடுப்பும் தருகிறது. முதல் மூன்று நாட்களுக்குப் பாதிச் சம்பளம், நான்காம் நாளிலிருந்துதான் முழுச் சம்பளம். அதுவும் அந்த வீட்டில் எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு 8, 10 அல்லது 15 நாள். வேறு துறைத் தொழிலாளருக்கு நோய்க்காலப் பணம் கொடுக்கிற அரசுக் காப்புறுதி நிறுவனமான ஐ.என்.பி.எஸ் வீட்டுவேலைக்காரரின் சுகவீனத்துக்கு ஒரு சதமும் தராது. வீட்டுக்காரரே கொடுக்க வேண்டும். சம்பளம் தருகிற கையிலேயே சுகவீனப் பணத்தையும் கேட்க வேண்டிய நிலை.

மாதவிடாய்க்கு முந்தின மனநிலைக் கஷ்டம் எத்தனை நாள் ஆளை விழுத்தும்? பலருக்கு இரண்டு, மூன்று நாள். அதாவது எப்பவும் அரைச் சம்பளப் பகுதிக்குள்ளேயே அது பிறந்து அதற்குள்ளேயே முடிந்துவிடும். வருசத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று. சுற்றுக்கு இரண்டு நாள் என்று வைத்தாலே 24 தாண்டும், ஒப்பந்தம் தருகிற ஆகக்கூடின 15 காணாது. இதற்கு மேல் ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றிதழ். அதற்கும் மேல் பெர்மெஸ்ஸோ. வேலை ஒப்பந்தம் இல்லாமல் வேலை விசாவைப் புதுப்பிக்க முடியாது என்று தெரிந்த பெண், 'சிஞ்ஞோரா, இண்டைக்கு எனக்கு அழுகை அழுகையா வருது, வரேலாது' என்று தொலைபேசியில் சொல்லுவாவா? மல்லியைக் கொதிக்க வைப்பா.

இது பலெர்மோக் கதை மட்டும் இல்லை. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் நிருபர்கள் தமிழ்நாட்டில் சுமார் 100 ஆடைத் தொழிற்சாலைப் பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால் மேற்பார்வையாளர் பெயரில்லாத மாத்திரை ஒன்றைக் கையில் வைப்பார். என்ன மருந்து, என்ன பக்கவிளைவு, ஒன்றும் தெரியாது. விழுங்கிவிட்டுத் தையல் மெசினுக்குத் திரும்ப வேண்டும். அதை வாசித்து நாங்கள் எல்லாரும் கொதித்தோம், சரியாகவே கொதித்தோம். மேற்பார்வையாளரின் மாத்திரையையும் அம்மாவின் குடிநீரையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒன்று மேலிருந்து திணிக்கப்பட்டது, மற்றது அவ தானே தேடி எடுத்தது. ஆனால் இரண்டும் பார்த்த வேலை ஒன்றுதான். ஓய்வு கேட்ட உடம்பை ஓய்வு கொடுக்காமலே நிமிர்த்தி அனுப்பின. அப்படியிருக்க ஒன்றைச் சுரண்டல் என்றும் மற்றதை மரபின் ஞானம் என்றும் எழுதுகிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்குது.

மானிடவியலாளர் எமிலி மார்ட்டின் 1987இல் எழுதிய புத்தகம் ஒன்றில் ஒரு கவனிப்பு வருகிறது. 'மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்' என்ற பெயரை நியூயோர்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் 1931இல் வைத்தார், பொருளாதாரப் பெருமந்த காலத்தில், பெண்களை வேலையிலிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் இருந்தபோது. கத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் 1953இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியது உலகப்போர் முடிந்து பெண்கள் திரும்ப வீட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில். பெண்ணின் உழைப்பு வேண்டாதபோது அவளுடைய சுற்று ஒரு தகுதியின்மையாகப் பெரிதாகத் தெரிகிறதாம். எங்கட அம்மாமாரின் நிலை இதற்குத் தலைகீழ். அவர்களின் உழைப்பு இல்லாவிட்டால் இந்த நகரத்தின் முதியவர்கள் கட்டிலை விட்டு எழும்பமாட்டார்கள். அதனால் அவர்களுக்குச் சுற்றே இல்லாத மாதிரி எல்லாரும் நடிக்கிறார்கள். மார்ட்டின் இன்னொன்றும் கேட்கிறார்: அந்த நாட்களில் கவனம் சிதறுது, கை தடுமாறுது, கோபம் வருது என்று பெண்கள் சொல்லும்போது, ஏன் பெண்ணை மட்டும் பழுதுபார்க்க ஓடுகிறோம்? ஒருநாளும் தடுமாறாத கையைக் கேட்கிற வேலையை ஏன் பார்க்கவில்லை? அம்மா விசர் நாட்களில் எங்களிடம் கத்தினதை இப்போது நினைத்துப் பார்த்தால், அதில் பாதிக்குமேல் நியாயமான முறைப்பாடு. 'ஒருத்தரும் ஒரு கோப்பை கழுவமாட்டீங்களோ?' அதற்கு மூலிகை இல்லை. கோப்பை கழுவுற கைதான் இருக்கு.

சரி, செடிகளுக்கு வருவோம். விற்கிறது என்றால் தெரிந்து விற்க வேண்டும்.

அஞ்ஞோகாஸ்தோ மத்தியதரைக் கடலோரச் செடி, சிசிலியில் ஆற்றுப் படுகைகளில் தானாக வளர்வது. தெமெத்தர் தெய்வத்தின் விழாவில் கிரேக்கப் பெண்கள் இதன் இலையைப் படுக்கையில் பரப்பினார்கள் என்று பிளினி எழுதுகிறார். பிறகு துறவிகள் காமத்தை அடக்கப் பாவித்ததால் 'துறவி மிளகு' என்றும் பெயர் வந்தது. ஒரு செடி எத்தனை பேருடைய ஒழுக்கத்துக்கு உழைத்திருக்கிறது பாருங்கள்! இன்றைய ஆதாரம் என்று பார்த்தால், 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஆய்வு: 170 பெண்கள், மூன்று சுற்றுகள், ஒரு பாதிக்குப் பழத்தின் சாறு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. சாறு எடுத்தவர்களில் 52 வீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 24 வீதத்தினருக்கும் குறிகள் பாதியாவது குறைந்தன. நல்ல முடிவுதான். ஐரோப்பிய மருந்து முகமையும் அந்தக் குறிப்பிட்ட சாற்றை, 20 மில்லிகிராம் அளவில், ஏற்றிருக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2017 மதிப்பாய்வு, பலனின் அளவு பெரிதாகத் தெரிந்தாலும் பல ஆய்வுகளின் தரம் நம்பும்படி இல்லை என்றது. இன்னொன்று, இது மூன்று மாதம் தினமும் எடுக்க வேண்டியது. சந்தையில் வாங்கி இரண்டு தடவை தேத்தண்ணி போட்டுக் குடிக்கிற பொட்டலத்துக்கு அந்த 52 வீதம் பொருந்தாது. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டோபமினோடு தொடர்புள்ள மருந்து எடுக்கிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது.

குழுமத்தில் ஒரு தோழர் இது எங்கட நொச்சியின் சொந்தக்காரன் என்று கண்டுபிடித்துப் பெருமைப்பட்டார். உண்மை, ஒரே பேரினம். கோட்டையைக் காக்கிறவர்கள் சூடின பூ என்று நொச்சித்திணையையும் இழுத்து வந்தார். எனக்கும் பிடிச்சுது. ஆனால் சொந்தக்காரன் என்பதற்காக ஒருவரின் மருந்தை மற்றவரிடம் எடுக்க முடியாது. நொச்சி ஆவி பிடிக்க. மூக்கடைப்புக்கு எடுங்கோ.

இப்பெரிக்கோ பற்றித்தான் எனக்குப் பயம். ஆங்கிலத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்குப் பெயர் போன மூலிகை என்பதால் மாதவிடாய்க்கு முந்தின மனநிலைக்கும் சரி என்று நினைக்கிறோம். 2010இல் இங்கிலாந்தில் 36 பெண்களோடு நடந்த சின்ன ஆய்வில் உடல் குறிகளுக்கும் உணவு ஆசை, களைப்பு போன்றவற்றுக்கும் அது கொஞ்சம் உதவியது. மனநிலைக் குறிகளிலோ வெற்று மாத்திரையை விட நிச்சயமான வித்தியாசம் காட்டவில்லை. நாங்கள் எதற்காக விற்கிறோமோ அதற்கே ஆதாரம் மெலிவு. அதோடு, இந்தச் செடி ஈரலில் மருந்துகளை உடைக்கிற நொதிகளைத் தூண்டிவிடும். கருத்தடை மாத்திரையின் வலுக் குறையும். எச்.ஐ.வி மருந்து, உறுப்பு மாற்றினவர்களின் மருந்து, இரத்த உறைவு மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதி. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகலாம்.

இது புத்தகத்தில் படித்தது மட்டும் இல்லை. என்னோடு படிக்கிற ஒருத்தி, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு கடையில் 'இயற்கைதானே' என்று சொல்லிக் கொடுத்ததை இரண்டு மாதம் குடித்தாள். நடுச் சுற்றில் இரத்தம் போனது. பிறகு நாள் தள்ளிப்போனது. பார்மசியில் பரிசோதனைக் குச்சி வாங்கிக்கொண்டு வந்து எங்கட குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த அந்தச் சில நிமிசம், வெளியே நின்ற எனக்கே கை நடுங்கினது. ஒன்றுமில்லை என்று வந்தது. வராமல் போயிருந்தால்? நாங்கள் விற்கப்போகிற பொட்டலத்தில் பனை ஓலைக்கு இடம் இருக்கு, இந்த எச்சரிக்கைக்கு இடம் இருக்கா?

பெருஞ்சீரகத்தால் ஆளுக்குக் கெடுதல் இல்லை, வயிற்றுப் பொருமலுக்கு நல்லது, விடுங்கோ. குங்குமப்பூ பற்றி ஈரானில் 2008இல் வந்த சின்ன ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது: தினமும் 30 மில்லிகிராம், இரண்டு சுற்று. ஐம்பது பெண்கள் அளவில்தான், இன்னும் பெரிதாகச் செய்து பார்க்க வேண்டும். சிசிலிக்காரர் மத்தி மீன் பாஸ்தாவில் குங்குமப்பூவும் காட்டுப் பெருஞ்சீரகமும் சேர்த்தே போடுகிறார்கள். அதற்காக அவர்களை அமைதியான ஆக்கள் என்று யாரும் சொன்னதில்லை.

இனி 'மரபு' வாதம். துடக்கு என்று ஒதுக்கி வைத்தது கெட்டதுதான், ஆனால் அந்தக் காலத்துப் பெண்ணுக்கு அதனால் ஓய்வாவது கிடைத்ததே, முதலாளித்துவம்தான் அதைப் பறித்தது என்று ஒருத்தர் எழுதியிருந்தார். எந்தப் பெண்ணுக்குத் தோழர்? யாழ்ப்பாணத்தில் காணியும் ஆள் உதவியும் இருந்த வீட்டுப் பெண் மூலையில் இருந்தாள். அவளுடைய துடக்குச் சீலையை எடுத்துப்போய் வெளுத்த சமூகத்துப் பெண்ணுக்கு எந்த மூலை? வயலில் கூலிக்குக் குனிந்தவளுக்கு யார் உழுத்தங்களி கிண்டினது? சில்வியா பெதரிச்சியைக் காட்டி, மூலிகை அறிந்த பெண்களைச் சூனியக்காரி என்று எரித்தார்கள், ஆகவே மூலிகை எதிர்ப்பு அரசியல் என்கிறதும் அரைகுறை வாசிப்பு. அதே பெதரிச்சி 1975இல் வீட்டுவேலைக்குக் கூலி கேட்டு எழுதினவர். அந்தப் பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மூலிகையை விற்றால் அது முதலாளித்துவத்துக்கு வெளியே நிற்கும் என்ற நினைப்புக்கும் வரலாறு இடம் தராது. அமெரிக்காவில் லிடியா பிங்கம் என்ற பெண் 1875இலிருந்து 'பெண்கள் துன்பத்துக்கு' ஒரு மூலிகைக் கலவை விற்றார். பாட்டி மாதிரியான அவருடைய முகமே விளம்பரம். போத்தலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட மதுசாரம். பாட்டி படத்தை நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம் என்று நினைக்காதீர்கள்.

எதிர்ப் பக்கத்துக்கும் ஒரு சொல். கூட்டங்களில் 'மூட் எல்லாம் ஒரு அரசியல் பிரச்சினையா?' என்று சிரிக்கிற ஆண் தோழர்கள், இந்த மடலை உங்கள் வெற்றியாக எடுக்க வேண்டாம். அம்மாவை ஒருமுறை வைத்தியரிடம் கூட்டிப்போனேன், எங்கே என்று எழுதமாட்டேன். ஐந்து நிமிசத்தில் 'நரம்பு, சிஞ்ஞோரா, வயசு' என்று முடித்துவிட்டார். ஆண்கள் சிரித்தும் வைத்தியர்கள் தட்டிக்கழித்தும்தான் பெண்கள் பொட்டலத்திடம் போனார்கள். இதன் கடுமையான வடிவம் 2013இலிருந்து அமெரிக்க உளவியல் மருத்துவக் கையேட்டில் தனி நோயாகவே இருக்கிறது. மூளை சாதாரண ஹோர்மோன் ஏற்ற இறக்கத்துக்கே கடுமையாக எதிர்வினை காட்டுகிறது, செரட்டோனின் மருந்துகள் பலருக்கு உதவுகின்றன, சுற்றின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலும் பலன் உண்டு. ஆம், எலி லில்லி கம்பனி 2000இல் தன் புரோசாக்கையே இளஞ்சிவப்பு ஊதாக் குளிசையாக்கி, சராஃபெம் என்று புதுப் பெயர் வைத்துப் பெண்களுக்கு விற்றது, பழைய காப்புரிமை முடியப்போகிற நேரம் பார்த்து. கம்பனியின் பேராசை மருந்தைப் பொய்யாக்காது. மாதாமாதம் அந்த நாட்களில் சாக வேண்டும்போல் இருக்கிற தோழி யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து, கொதிநீரோடு தனியாக இருக்க வேண்டாம். ஒருவரிடம் சொல்லுங்கோ. என்னிடமும் சொல்லலாம்.

ஆகவே நான் கேட்பது இது. பொட்டலத்திலிருந்து இப்பெரிக்கோவை எடுங்கள், 'பாட்டி'யையும் 'காலனியநீக்க'த்தையும் எடுங்கள். பெருஞ்சீரகத் தேத்தண்ணி என்று எழுதி விற்றால் நானே முதல் ஆளாக வாங்குவேன். அதோடு ஒரு தாள் வைப்போம், தமிழில், சிங்களத்தில், இத்தாலியத்தில். எந்தச் செடி எந்த மருந்தோடு மோதும், இரண்டு சுற்றுக்குத் தினமும் மனநிலையைக் குறித்துவைப்பது எப்படி என்று. அந்தக் குறிப்பு இல்லாமல் எந்த வைத்தியரும் சரியாக நிர்ணயிக்க முடியாது, அது கையில் இருந்தால் ஐந்து நிமிசத்தில் துரத்தவும் முடியாது. கொன்சுல்தோரியோக்கள் பெண்கள் போராடி வென்றவை, 1975இன் 405ஆம் சட்டம். இலவசம். 20,000 பேருக்கு ஒன்று வேண்டும் என்று 1996இன் சட்டம் சொல்கிறது, நாட்டின் பல பகுதிகளில் அந்த எண்ணிக்கை இல்லை, அதையும் கேட்போம். மொழி தெரிந்த நாங்கள் அம்மாமாரோடு கூடப் போவோம்.

கோரிக்கை என்று வந்தால், வீட்டுவேலை ஒப்பந்தத்தில் முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். அதை ஐ.என்.பி.எஸ் கொடுக்க வேண்டும், வீட்டுக்கார முதியவரின் ஓய்வூதியம் இல்லை. மாதவிடாய் விடுப்பு என்று தனியாகக் கேட்டால் பெண்களை வேலைக்கு எடுக்கமாட்டார்கள் என்பவர்களுக்கும் இது பதில், ஏனென்றால் இது எல்லாருடைய சுகவீனத்துக்கும் உரியது. பீகாரில் அரசு ஊழியப் பெண்களுக்கு 1992இலிருந்து மாதம் இரண்டு நாள் உண்டு, வீட்டுவேலை செய்பவளுக்கு அங்கேயும் இல்லை. இத்தாலிய நாடாளுமன்றத்தில் 2016இல் வந்த மூன்று நாள் மசோதா சட்டமாகவே இல்லை, அதுவும் வலியைப் பற்றித்தான் பேசியது, மனநிலையைப் பற்றி இல்லை.

எங்கட சந்தை ஞாயிற்றுக்கிழமை. பொட்டலம் பற்றி அதற்கு முன்னரே முடிவெடுக்க வேண்டும். வீட்டுவேலை செய்பவர்களுக்குப் பாதி நாள் கிடைப்பது வழக்கமாக வியாழன் பின்னேரம். அதனால் வியாழன் நாலு மணிக்கு சான் தொமேனிக்கோ தேவாலயப் படியில் கூடுவோம். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறா. இந்த மடலை இரவு அவவுக்கு வாசித்துக் காட்டினேன். இப்பெரிக்கோ பகுதியை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னா. பிறகு, 'விசர் நாள் எண்டு எழுதினதை வெட்டாதே, அப்பாவும் வாசிக்கட்டும்' என்றா.